குமிழியும் குழந்தையும்

(இளம் அறிவியல் இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவன், பேளுக்குறிச்சி)

இளம் அறிவியல் முதலாண்டில் இயற்பியல் பயின்ற எவர்க்கும் ‘சோப்புக் குமிழியினுள் மிகை அழுத்தம்’ என்னும் பகுதி நினைவிருக்கும். ஐந்து மதிப்பெண் வினா. ஒரு படம், நான்கு வரி, இறுதியில் ஒரு சூத்திரம். எழுதி முடித்ததும் அடுத்த வினாவுக்குத் தாவிவிடுவோம். தேர்வு முடிந்தபின் அந்தச் சூத்திரத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் நமது உடலோ பிறந்த கணம் முதல் அந்தச் சூத்திரத்தை ஒருநாளும் மறப்பதில்லை. இரத்தக் குழாய்களிலும் நுரையீரலிலும் அது எவ்வாறு செயற்படுகிறது என்பதை, நான் படித்தறிந்த அளவில், சக மாணவர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வளைந்த பரப்பு ஒன்றின் இருபுறமும் அழுத்தம் சமமாக இராது. குழிந்த பக்கத்தில் மிகுந்திருக்கும். எவ்வளவு மிகுந்திருக்கும் என்பதை இங்கிலாந்தின் தாமஸ் யங் 1805ஆம் ஆண்டிலும், பிரான்சின் லாப்லாஸ் 1806ஆம் ஆண்டிலும் விளக்கினர். இவர்களுள் யங் ஒரு மருத்துவர். ஒளியின் குறுக்கீட்டு விளைவுக்காகவே அவரை நாம் அறிவோம். ஆனால் 1808ஆம் ஆண்டில் இதயமும் தமனிகளும் செயற்படும் விதத்தைப் பற்றியே அவர் தனிச் சொற்பொழிவு ஆற்றியிருக்கிறார். நம் நாட்டவருக்கும் இதில் பங்குண்டு. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற காலத்தை ஒட்டி, 1907ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை எதைப் பற்றியது தெரியுமா? திரவப் பரப்பின் வளைவைக் கொண்டு அதன் பரப்பு இழுவிசையைக் காணும் முறையைப் பற்றியது. அப்போது அவருக்கு வயது இருபதுகூட நிரம்பவில்லை. நம் வயதுதான் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட ஒரு ரப்பர்க் குழாயைக் கையில் எடுத்துப் பார்ப்பது நல்லது. எங்கள் பக்கம் தோட்டங்களில் மோட்டாருக்குப் பூட்டும் ஓஸ் பைப் வெடித்தால் எப்படி வெடிக்கும்? நீளவாக்கில்தான் பிளக்கும். குறுக்காக வெட்டுண்டு இரண்டாக விழுவதை நான் கண்டதில்லை. குழாயின் ஒரு துண்டை நீளவாக்கில் இரு பாதியாகப் பிளப்பதாகக் கற்பனை செய்வோம். உள்ளிருக்கும் நீர் ஒவ்வொரு பாதியையும் வெளியே தள்ளும் விசை, அழுத்தத்தை விட்டத்தாலும் நீளத்தாலும் பெருக்கியது. அதைத் தாங்கிப் பிடிப்பவை இரண்டு விளிம்புகள். ஆகவே ஒரு விளிம்பில் ஓரலகு நீளத்துக்கு வரும் இழுவிசை, அழுத்தம் பெருக்கல் ஆரம். இனிக் குறுக்காக வெட்டுவோம். தள்ளும் விசை, அழுத்தம் பெருக்கல் வட்டத்தின் பரப்பு; தாங்குவது சுற்றளவு முழுவதும். கணக்கிட்டால் முன்னதில் பாதிதான் வருகிறது. இரு மடங்கு இழுவிசை உள்ள திசையில்தானே குழாய் கிழியும்! கோளத்தை எப்படி வெட்டினாலும் இரண்டாவது கணக்கே பொருந்தும். எனவே கோளத்தில் அழுத்தம் என்பது இழுவிசையின் இரு மடங்கை ஆரத்தால் வகுத்தது. சோப்புக் குமிழிக்கு உள்ளும் புறமுமாக இரு பரப்புகள் இருப்பதால் நான்கு மடங்கு. அவ்வளவுதான் சூத்திரம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: அழுத்தம் மாறாமலே இருந்தாலும் ஆரம் பெருகப் பெருகச் சுவர் தாங்க வேண்டிய இழுவிசை பெருகும்.

என் தந்தையார் காற்றடித்துப் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருக்கிறார். பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. லாரி கட்டும் தொழிலுக்குப் பெயர்பெற்ற நாமக்கல் மாவட்டத்தில் டயரைப் பற்றித் தெரியாதவர் குறைவு. ஆயினும் அவர் விரலால் தடவியே சொல்லிவிடுவார். சைக்கிள் டயரை மடித்து வைக்கலாம். லாரி டயருக்கு எஃகுக் கம்பி வைத்துக் கட்ட வேண்டியிருக்கிறது. லாரி டயரின் காற்றழுத்தம் சைக்கிளைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. டயரின் குறுக்கு வெட்டு ஆரமோ ஆறேழு மடங்கு. இரண்டையும் பெருக்கினால் சுவரின் இழுவிசை ஏறத்தாழ இருபது மடங்காகிறது. டியூபை வெளியே எடுத்துக் காற்றடித்தால் ஓரிடம் மட்டும் புடைக்கும். “மெலிஞ்ச எடத்துலதான் மொதல்ல வயிறு வெக்கும். வெச்சுட்டா அப்பறம் நிக்காது” என்பார் என் தந்தையார். அவர் சொல்லும் காரியத்தின் கணக்கு மேலே உள்ளது. ஓரிடம் மெலிந்து புடைத்தால் அங்கே ஆரம் கூடுகிறது. ஆரம் கூடுவதால் இழுவிசை கூடுகிறது. இழுவிசை கூடுவதால் மேலும் மெலிந்து புடைக்கிறது.

இதே நிகழ்ச்சி மனிதனின் மகா தமனியிலும் நேர்வதுண்டு. வயிற்றுப் பகுதியில் அத்தமனியின் விட்டம் இயல்பாக 2 செ.மீ. அளவில் இருக்கும். சுவர் தளர்ந்து அது புடைத்து 5.5 செ.மீ. ஆகிவிட்டால் அறுவை சிகிச்சையைப் பற்றி மருத்துவர்கள் யோசிக்கத் தொடங்குகிறார்கள். இரத்த அழுத்தம் சிறிதும் ஏறாமலே அந்தச் சுவரின் இழுவிசை இரண்டே முக்கால் மடங்காகிவிட்டது என்பதைக் கவனியுங்கள். ஆல்பர்ட் ஐன்ஸ்டைனுக்கு இந்த நோய் இருந்தது. 1948ஆம் ஆண்டில் ருடால்ஃப் நிசன் என்னும் அறுவை மருத்துவர் அந்தப் புடைப்பைச் சுற்றி செலோஃபேன் தாளைப் போர்த்திக் கட்டினார். சைக்கிள் டியூபின் மேல் டயர் செய்யும் வேலை என்று எனக்குத் தோன்றுகிறது. ஆறாண்டுகளுக்கு மேல் தாங்கிற்று. 1955 ஏப்ரலில் அது கசிந்தது, ஐன்ஸ்டைன் மீண்டும் அறுவைக்கு இசையவில்லை, காலமானார்.

பெரிய குழாய்க்கு இவ்வளவு ஆபத்து என்றால், ஒரே ஒரு செல் அளவு தடிப்புள்ள சுவரைக் கொண்ட தந்துகிகள் எப்படி வெடிக்காமல் இருக்கின்றன? மகா தமனியின் ஆரம் 1.25 செ.மீ., அழுத்தம் சராசரி 100 மி.மீ. பாதரசம் என்று கொண்டால், சுவரின் 1 செ.மீ. அகலப் பட்டை ஏறத்தாழ 170 கிராம் எடையைத் தாங்க வேண்டும். தந்துகியின் ஆரம் 4 மைக்ரான், அழுத்தம் 30 மி.மீ. பாதரசம். அதே 1 செ.மீ. பட்டை தாங்க வேண்டியது சுமார் 16 மில்லிகிராம். ஓர் அரிசி மணியின் எடைகூட இல்லை. அழுத்தத்தில் மூன்று மடங்குதான் வேறுபாடு. இழுவிசையில் பத்தாயிரம் மடங்கு. குறுகியிருப்பதே தந்துகிக்குக் காப்பு. இதயம் நோயுற்று விரிந்தால் அதே அழுத்தத்தை உண்டாக்க அதன் தசை மேலும் கடுமையாக இழுக்க வேண்டியிருப்பதும் இக்கணக்கால் விளங்கும். அதை விரித்தால் கட்டுரை நீளும், நுரையீரலுக்குச் செல்வோம்.

பேளுக்குறிச்சிச் சந்தைக்கு வந்தவர்கள் மளிகைச் சாமான் வாங்கிய கையோடு பலூன் ஊதுபவனையும் பார்த்திருக்கலாம். முதல் ஊதலுக்குத்தான் அவன் கன்னம் உப்பிக் கண் பிதுங்கும்; பலூன் சற்று விரிந்தபின் எளிதாக ஊதுவான். ரப்பருக்கென்று தனிக் குணங்கள் உண்டெனினும் முதற்காரணம் ஆரமே. சிறிய ஆரத்துக்குப் பெரிய அழுத்தம் வேண்டும். இனி இரு சோப்புக் குமிழிகளை, ஒன்று சிறிது, ஒன்று பெரிது, ஒரு கண்ணாடிக் குழாயின் இரு முனையிலும் ஊதி, நடுவிலுள்ள திருகைத் திறந்தால் என்ன ஆகும்? இரண்டும் சமமாகும் என்றே பலரும் விடை சொல்வர். நிகழ்வது நேர்மாறு. சிறியது தன் காற்றையெல்லாம் பெரியதற்குக் கொடுத்துவிட்டுச் சுருங்கிப் போகிறது. இருக்கிறவனிடமே மேலும் சேர்வது குமிழி உலகிலும் உண்டு!

நம் நுரையீரலில் ஏறத்தாழ 48 கோடி நுண்காற்றறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் ஆரமும் சுமார் 0.1 மி.மீ. உட்சுவரில் மெல்லிய நீர்ப்படலம். அது வெறும் நீராக இருந்தால் உடல் வெப்பநிலையில் அதன் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.07 நியூட்டன். ஒரே பரப்பு என்பதால் இரு மடங்கை ஆரத்தால் வகுக்க வேண்டும்: 1,400 பாஸ்கல், அதாவது 14 செ.மீ. நீர் அழுத்தம். ஆரம் பாதியானால் 28 செ.மீ. ஒவ்வொரு மூச்சுக்கும் இவ்வளவு அழுத்தத்தோடு போராடினால் மனிதன் மூச்சு விடுவதைத் தவிர வேறு வேலை பார்க்க முடியாது. மேலும் சிறிய அறைகள் பெரியவற்றுள் காற்றைக் கொட்டிவிட்டு ஒட்டிக்கொள்ளும்.

அவ்வாறு நிகழாமல் காப்பது எது? இதற்கு விடை காண முப்பது ஆண்டுகள் பிடித்தன. 1929ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய ஃபான் நீர்கார்ட் என்பவர், நுரையீரலைக் காற்றால் விரிப்பதைவிடத் திரவத்தால் நிரப்பி விரிப்பதற்கு மிகக் குறைந்த அழுத்தமே போதும் என்று கண்டார். திரவம் நிரம்பினால் காற்று-நீர்ப் பரப்பே இல்லை. பரப்பு இல்லையேல் பரப்பு இழுவிசையும் இல்லை. நுரையீரல் சுருங்க முயல்வதில் பெரும்பங்கு பரப்பு இழுவிசையினுடையது என்பது இதனால் புலனாயிற்று. கால் நூற்றாண்டுக் காலம் இதை எவரும் பொருட்படுத்தவில்லை. பின்பு 1955இல் இங்கிலாந்தில் பேட்டில் என்பவர், நச்சு வாயுக்களைப் பற்றிய ஆய்வின்போது, நுரையீரலிலிருந்து வரும் நுரையின் சிறு குமிழிகள் வெடிக்காமலும் சுருங்காமலும் நெடுநேரம் நிற்பதைக் கண்டு வியந்தார். 0.1 மி.மீ.க்கும் குறைந்த குமிழி சுருங்காமல் நிற்க வேண்டுமானால் அதன் பரப்பு இழுவிசை சுழிக்கு அருகில் இருக்க வேண்டும் என்று நம் ஐந்து மதிப்பெண் சூத்திரத்தைக் கொண்டே முடிவு கட்டினார். அமெரிக்காவில் கிளெமென்ட்ஸ் 1957இல் அதை நேரடியாக அளந்து காட்டினார்.

நுண்காற்றறைச் சுவரிலுள்ள ஒருவகைச் செல்கள், கொழுப்பும் சிறிது புரதமும் சேர்ந்த ஒரு பொருளைச் சுரக்கின்றன. சோப்பு நீரின் இழுவிசையைக் குறைப்பது போல இதுவும் குறைக்கிறது. ஆனால் சோப்புக்கு இல்லாத சிறப்பு ஒன்று இதற்குண்டு. அறை சுருங்கும்போது இதன் மூலக்கூறுகள் நெருக்கியடித்துக்கொண்டு இழுவிசையை மேலும் மேலும் குறைக்கின்றன. ஆரம் குறையும்போது இழுவிசையும் கூடவே குறைவதால் அழுத்தம் ஏறுவதில்லை. சிறியது பெரியதற்குக் காற்றை இழப்பதுமில்லை. இழுவிசை மீட்டருக்கு 0.025 நியூட்டன் என்று கொண்டாலே முன்சொன்ன 14 செ.மீ. அழுத்தம் 5 செ.மீ. ஆகிவிடுகிறது, முழுதும் மூச்சை விட்ட நிலையில் இழுவிசை 0.005க்கும் கீழே போகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நுண்காற்றறைகள் தனித்தனிக் குமிழிகள் அல்ல. தேன்கூடு போலச் சுவரைப் பங்கிட்டுக்கொண்டு, ஒன்று சுருங்கினால் சுற்றியுள்ளவை அதை இழுத்துப் பிடிக்கின்றன. எனவே இரு குமிழிப் படத்தை அப்படியே நுரையீரலாக எண்ணிவிடக் கூடாது. இழுவிசை குறைந்தால்தான் மூச்சு எளிதாகும் என்ற செய்தியில் மட்டும் மாற்றமில்லை.

இந்தச் சுரப்புப் பொருள் தாயின் வயிற்றில் குழந்தைக்கு எப்போது உண்டாகிறது? ஏறத்தாழ 24ஆம் வாரத்தில் தொடங்கி, வாரத்துக்கு வாரம் பெருகி, 34, 35ஆம் வாரங்களில் போதிய அளவை எட்டுகிறது. அதற்கு முன்பு பிறக்கும் குழந்தைக்கு ஒவ்வொரு மூச்சும் பலூனின் முதல் ஊதலாக இருக்கும். பாஸ்டன் நகரில் மேரி எல்லன் ஏவரி என்னும் பெண் மருத்துவர், மீட் என்பவரோடு சேர்ந்து 1959ஆம் ஆண்டில் இதை நிறுவினார். மூச்சுத் திணறி இறந்த குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலில் அந்தப் பொருள் வேண்டிய அளவு இல்லை.

இனி நம் ஊர்ப் பேச்சுக்கு வருகிறேன். ஏழு மாதத்தில் பிறந்த குழந்தை பிழைக்கும், எட்டு மாதத்தில் பிறந்தது பிழைக்காது என்ற நம்பிக்கையைக் கேள்விப்படாதவர் இங்கே இருக்க முடியாது. மூன்றாண்டுகளுக்கு முன் என் தமக்கைக்கு 32 வாரத்தில் வலி கண்டது. எட்டாம் மாதம். அரசு மருத்துவமனையில் குழந்தை பிறந்தது; எடை 1 கிலோ 600 கிராம். மூச்சிழுக்கும்போது விலாவெல்லாம் உள்ளே குழிந்தது. வீட்டில் அம்மாயி அழவில்லை, அதுதான் எனக்குத் திகிலாக இருந்தது. “ஏழுல பொறந்திருந்தாக்கூடத் தேறிப்போயிருக்கும். எட்டுல பொறந்தது எங்க சாமி தங்கப் போவுது?” என்று முடிவு கட்டிவிட்டிருந்தார். சொந்தக்காரர் இருவர், மருத்துவமனையில் போட்டுச் சித்திரவதை செய்யாமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்றுகூடப் பேசினார்கள். நான் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. எதிர்த்துப் பேச என்னிடம் சொல் இல்லை.

இன்று இருக்கிறது. எட்டாம் மாதத்துக் குழந்தையின் நுரையீரலில் ஏழாம் மாதத்துக் குழந்தையைவிட அந்தப் பொருள் மிகுதி. ஒவ்வொரு வாரமும் பிழைக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறதே தவிர, இடையில் ஓர் எட்டாம் மாதம் வந்து அதைக் குறைப்பதில்லை. இந்த நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதுமன்று; ஹிப்போக்ரட்டீஸ் பெயரால் வழங்கும் பழங்கிரேக்க மருத்துவ நூல்களுள் எட்டு மாதக் குழந்தையைப் பற்றியே ஒரு நூல் உண்டு. இது எப்படி இத்தனை காலம் நிலைத்தது? ஏழு மாதத்துப் பிள்ளை பிழைத்தால் அதிசயமாக ஊரெல்லாம் பேசப்படுகிறது. எட்டு மாதத்துப் பிள்ளை பிழைத்தால் அது சற்று முன்கூட்டிப் பிறந்த பிள்ளை, அவ்வளவே. இறந்தால் மட்டும் மாதத்தை எண்ணுகிறோம். இது என் கருத்து.

எட்டாம் மாதம் ஆபத்தில்லாதது என்றும் நான் சொல்ல வரவில்லை. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் மகன் பாட்ரிக், 1963 ஆகஸ்டு 7ஆம் நாள், ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தான். எடை 2 கிலோவுக்கும் மேல். உலகின் வலிமை மிக்க நாட்டின் தலைவர் பிள்ளை; இரண்டு நாளில் மூச்சுத் திணறி இறந்தான். நோயின் காரணம் தெரிந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. கைவசம் மருந்து மட்டும் இல்லை. மருந்து வந்தது 1980இல். ஜப்பானில் ஃபுஜிவாரா என்பவர், மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த பொருளைக் குறைமாதக் குழந்தைகள் பதின்மரின் மூச்சுக்குழாய் வழியே செலுத்திப் பலன் கண்டார்.

அதற்கு முன்பே, 1971ஆம் ஆண்டில், கிரெகரி என்னும் அமெரிக்க மருத்துவர் இன்னும் எளிய வழி ஒன்றைக் காட்டினார். அறை சுருங்கி ஒட்டிக்கொள்வதுதானே துன்பம்? மூச்சை விடும்போதும் உள்ளே சிறிது அழுத்தம் எப்போதும் தங்கியிருக்கும்படி செய்தால் ஒட்டாது. கடும் நோயுற்ற 20 குழந்தைகளில் 16 பேர் இம்முறையால் பிழைத்தனர். என் தமக்கை மகனுக்குச் செய்ததும் அதுவே. மூக்கில் பொருத்திய குழாயின் மறுமுனை ஒரு நீர்க்குடுவையில் 5 செ.மீ. ஆழத்தில் அமிழ்ந்திருந்தது. காற்று குமிழியிட்டுக் கொண்டே வெளியேறிற்று. 5 செ.மீ. நீருக்கு எதிராக வெளியேற வேண்டியிருப்பதால், நுரையீரலுள் அந்த அழுத்தம் எப்போதும் நிற்கும். உயரம் பெருக்கல் அடர்த்தி பெருக்கல் புவியீர்ப்பு முடுக்கம். பள்ளியில் படித்த பாடம். “இந்தத் தண்ணி கொப்பளிச்சிட்டே இருக்கணும், நின்னுபோனா எங்களக் கூப்பிடுங்கம்மா” என்று செவிலியர் என் தமக்கையிடம் சொன்னாராம். நான்கு நாள் கொப்பளித்தது. பையன் இப்போது அங்கன்வாடிக்குப் போய் வருகிறான்.

பிறக்குமுன்பே செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. நியூசிலாந்தின் லிகின்ஸ் என்பவர் ஆடுகளை ஆராய்ந்தபோது, ஸ்டீராய்டு செலுத்தப்பெற்ற குறைமாத ஆட்டுக்குட்டிகள் எதிர்பார்த்ததைவிட நன்றாக மூச்சு விட்டதைக் கண்டார். ஹோவி என்பவருடன் சேர்ந்து 282 தாய்மாரிடம் அதைச் சோதித்து 1972இல் முடிவை வெளியிட்டார். தாய்க்குப் போடும் ஊசி குழந்தையின் நுரையீரலைப் பக்குவப்படுத்துகிறது. உலகிலேயே குறைமாதப் பிறப்பு மிகுந்த நாடு நம்முடையது. 2020ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 30 லட்சம். 24 முதல் 34 வாரத்துக்குள் வலி கண்ட தாய்க்கு, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புமுன்பே கிராமச் சுகாதாரச் செவிலியர் டெக்சாமெத்தசோன் ஊசியின் முதல் அளவைப் போடலாம் என்று 2014ஆம் ஆண்டில் மைய அரசு வழிகாட்டு நெறி வகுத்தது. விலை மலிந்த மருந்து அது. ஆனால் முழுப் பலன் தர ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே வலி கண்ட ஒரு பெண்ணின் வீட்டில் “எட்டு மாதம்தானே, என்ன செய்து என்ன” என்று ஓர் இரவு தாமதித்தால், இழப்பது அந்த ஒரு நாளைத்தான்.

படித்தது போதும், கண்ணால் காண வேண்டும் என்பவர்கள் நம் இயற்பியல் ஆய்வகத்திலுள்ள ஜேகர் முறைக் கருவியைப் பார்க்கலாம். முனையின் ஆரம் 0.25 மி.மீ. என்று கொள்வோம். நீருள் காற்றுக் குமிழி உண்டாகி விடுபடும் தறுவாயில் அழுத்தமானி காட்டும் உயரத்திலிருந்து, முனை அமிழ்ந்துள்ள ஆழத்தைக் கழித்துக் கொள்ளுங்கள். ஏறத்தாழ 6 செ.மீ. வரும். பிறகு நீரில் சிறிது சோப்புக் கரைசலைக் கலந்து, அதே முனையில் மீண்டும் அளவெடுங்கள். 2 செ.மீ. சொச்சத்தில் குமிழி விடுபடும்.